எத்தனை லைட்டு எரியுது?

பேட்டரியைக் கொண்டுபோய் நீட்டினால் அவர் கையில் வாங்க மாட்டார். முன்னால் கிடக்கும் கடப்பாக்கல் பலகையைக் காட்டி, "அங்குட்டு வைங்கண்ணே" என்பார். வைத்த பிறகும் அதைப் பார்க்க மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நம் முகத்தைத்தான் பார்ப்பார். கோபமும் சிரிப்பும் இல்லாத ஒரு குரலில் கேட்பார்.

"என்ன பண்ணுனீக?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்ன ஓர் ஆளையும் நான் அந்தக் கடையில் பார்த்ததில்லை. "ஒண்ணும் பண்ணலையேண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்பதுதான் எல்லார் வாயிலும் வரும். வெயிலில் போட்டிருப்பார்கள், மழையில் நனைய விட்டிருப்பார்கள், ஒரு மாதம் சார்ஜரிலேயே செருகி மறந்திருப்பார்கள். கேட்டால் ஒன்றும் பண்ணவில்லை. அவர் மறுபடி கேட்க மாட்டார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுப்பார். பொய் சொன்ன ஆளை மடக்கி, நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

காரைக்குடியிலிருந்து அரியக்குடி போகிற சாலையில், டயர்க் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர் கடை அவருடையது. வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுகிற தோட்ட மிஷின்கள் மட்டும்தான் பார்ப்பார். புல் வெட்டுவது, வேலிச்செடி கத்தரிப்பது, சருகு ஊதுவது, வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர். பழைய பெரிய வீடுகளை ஹோட்டலாக மாற்றியவர்கள், பெட்ரோல் மிஷின் போடுகிற சத்தத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தூங்க முடியவில்லை என்று இந்த பேட்டரி மிஷின்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். வாங்கத் தெரிந்தது, வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அதனால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. லித்தியம் பேட்டரியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மனுசன் என்றால் இங்கே உள்ள மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில்தான் வேலை பார்த்திருப்பார் என்று ஊரே பேசிக்கொண்டது. நானே கேட்டேன். "பாத்தேண்ணே. ரெண்டு நாளு. சுவத்துக்கு வெள்ளையடிச்சேன்" என்றார்.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவருக்கு அண்ணன், அவர் எனக்கு அண்ணன். கடைக்கு வருகிற கல்லூரிப் பையனும் அவருக்கு அண்ணன்தான்.

ஒருமுறை தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி ஸ்பிரேயர் பேட்டரியோடு வந்திருந்தார். வழக்கம்போல் ஒன்றும் பண்ணவில்லை என்றார். இவர் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து வரிசையாக எறும்பு வந்தது. செம்புத் தகடெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

"சரி, நீங்க ஒண்ணும் பண்ணல. பண்ணாம விட்டது என்னென்னன்னு சொல்லுங்க."

அந்த மனிதர் முதலில் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. யூரியா அள்ளின கையைக் கழுவாமல் பேட்டரியை மாட்டியது, மோட்டார் ரூமில் மூட்டைக்கு அடியில் போட்டது என்று வரிசையாக வந்தது. இவர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொரு தகடாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். பச்சை போனதும் பேட்டரி வேலை செய்தது. அதற்கு வந்த நோய் அவ்வளவுதான்.

இன்னொரு நாள் உச்சி வெயிலில் ஒரு ஹோட்டல் தோட்டக்காரர் ஓடிவந்தார். மிஷினிலிருந்து கழற்றிய பேட்டரியை அப்படியே சார்ஜரில் போட்டால் சிவப்பு லைட் விட்டு விட்டு எரிகிறது, சார்ஜர் போய்விட்டது என்றார். இவர் பேட்டரியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கல்லில் வைத்தார். அரைமணி நேரம் வேறு வேலை பார்த்தார். அப்புறம் சார்ஜரில் போட்டார். பச்சை எரிந்தது. "ஓடி வந்தவனுக்கு மூச்சு வாங்கும்போதே சோத்தைப் போட்டா திம்பானா? சார்ஜருக்கு அறிவு இருக்கு, அதேன் மாட்டேங்குது" என்றார். தோட்டக்காரர், இதற்காகவா இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

என்ன பண்ணுனீக என்று அடுத்தவர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் அவரை நான் இவ்வளவு நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அந்தக் கேள்வியைத் தன்னிடமும் கேட்டுக்கொள்வார். ஒருமுறை நாய் குறுக்கே வந்து டிவிஎஸ் வண்டியிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது. பார்க்கப் போனவர்களெல்லாம் நாயைத் திட்டினோம். அவர் விட்டத்தைப் பார்த்தபடி, "பிரேக்கு லூசா இருக்குன்னு திங்கக்கிழமையே தெரியும். நாந்தேன் நாளைக்கு நாளைக்குன்னு விட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு எரிச்சல். "ஊருல மழை பேயலேன்னாலும் இவுகதேன் என்னமோ பண்ணிப்புட்டாகளாம். இந்த மனுசனோட சண்டை கூடப் போட முடியாது" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் பிரேக் விஷயத்தை விடவில்லை.

மாதம் பிறந்தால் எல்லா வாடிக்கையாளருக்கும் அவரிடமிருந்து போன் வரும். "அண்ணே, பேட்டரியில எத்தனை லைட்டு எரியுது?" பேட்டரியின் முதுகில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளே எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று நாலு சின்ன விளக்குகள் காட்டும். மிஷினை ஓட்டாமல் சும்மா வைத்திருக்கும் காலத்தில் ரெண்டு எரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. "நாலும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரெண்டு. சூடு இல்லாத எடத்துல வைங்க. மாசம் ஒருதரம் அமுக்கிப் பாருங்க." பட்டினி போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் உள்ளே இருக்கிற செல்கள் செத்துப்போகும், செத்ததற்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தால் அது ஆளைக் கொல்லும் என்பார். ஒரு ஹோட்டல் மேனேஜர், ஏதோ மோசடிக் கும்பல் என்று நினைத்து அவர் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். பலர் போனை எடுப்பதில்லை. அவர் அடிப்பதை நிறுத்தவும் இல்லை.

எனக்கும் அடிப்பார். நான் "ரெண்டு" என்பேன்.

நான் ஒரு பெரிய வீட்டுக்குக் காவலும் பராமரிப்பும் பார்க்கிறவன். ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. ஒருவரும் இங்கே இல்லை. சென்னை, கோவை, மலேசியா என்று ஆளுக்கொரு பக்கம். வருசத்துக்கு ஒருமுறை படைப்புக்கு மட்டும் எல்லாரும் குடும்பத்தோடு வந்து, முன்னோர்களுக்குத் துணிமணி வைத்து, சமைத்துப் படைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இந்த வீடுகளில் ஒவ்வொரு பங்குக்கும் தனி அறை, தனிப் பூட்டு. அறைச் சாவியை அவரவர் ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். என்னிடம் வாசல் கதவு, வளவு என்கிற நடுமுற்றம், பின்கட்டு இவற்றின் சாவிகள்தான் இருக்கும்.

ஒரு படைப்பின்போது ஐந்து பேரும் சேர்ந்து புல் வெட்டும் பேட்டரி மிஷின் ஒன்று வாங்கினார்கள். பொதுப் பொருளை ஒருவர் அறையில் வைத்தால் இன்னொருவருக்கு மனத்தாங்கல் வரும். அதனால் மிஷின் மூத்த பங்கின் அறையில், சார்ஜர் இரண்டாவது பங்கில், இரண்டு பேட்டரிகளில் ஒன்று மூன்றாவதில், ஒன்று நான்காவதில். ஐந்தாவது பங்குக்கு ஒன்றும் மிஞ்சாமல், முகத்தில் மாட்டுகிற கண்ணாடி மூடியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். சண்டை இல்லாமல் முடிந்ததே என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ஆக, அவர் மாதாமாதம் கேட்டபோது பேட்டரி இருந்த அறைக்குள் நான் போகவே இல்லை. மூன்றாவது பங்குக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சாவி கேட்டிருக்கலாம். அறைச் சாவியை இவன் எதற்குக் கேட்கிறான் என்று நினைப்பார்களோ என்று ஒரு தயக்கம். அதைவிடச் சோம்பல். பொத்தானை அழுத்தாமலே ரெண்டு எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதினோரு மாதம், பதினோரு தடவை. "நல்லதுண்ணே. நீங்க ஒரு ஆளுதேன் ஒழுங்கா வச்சிருக்கீக" என்று அவர் போனை வைப்பார்.

அடுத்த படைப்புக்கு நாலு நாள் இருக்கும்போது மூன்று பங்குச் சாவிகள் வந்து சேர்ந்தன. நான்காவது பங்குச் சாவி மலேசியாவிலிருந்து படைப்பன்றுதான் வரும். அந்த வருசம் நல்ல மழை. வீட்டைச் சுற்றி இடுப்பளவு புல்லும் நாயுருவியும் மண்டிக் கிடந்தன. சென்னையிலிருந்து மூத்த பங்கின் ஆச்சி போனில் சொன்னார்கள். "சின்னப் பிள்ளைக எல்லாம் வருதுக. பாம்பு கீம்பு கெடந்தா என்ன பண்றது? போன வருசமே உங்களை மாத்தணும்னு பேச்சு வந்துச்சு, நாந்தேன் வேணாம்னேன். என் பேரைக் காப்பாத்துங்க."

மூன்றாவது பங்கு அறையைத் திறந்தேன். ஜன்னல் பதினோரு மாதமாகத் திறக்காத அறை. முகத்தில் அடுப்படிச் சூடு அடித்தது. பேட்டரியை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். ஒரு லைட்டும் எரியவில்லை. சார்ஜரில் போட்டேன், சார்ஜர் சீந்தவே இல்லை.

அவர் கடைக்குப் போனபோது கூட்டம். ஊரில் பூட்டிக்கிடந்த வீடுகளெல்லாம் திறக்கிற சமயம், செத்த பேட்டரிகளும் மொத்தமாக வரும். கல்லில் வைத்தேன். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"என்ன பண்ணுனீக?"

"ஒண்ணும் பண்ணலண்ணே."

பிரித்தார். உள்ளே பத்துச் செல்கள். மீட்டர் முனையை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார். நாலு செல்லில் முள் அசையவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். "இனிப்பா ஒரு வாடை வருது பாருங்க, நகப்பாலிஷ் மாதிரி. உள்ள கசியுது" என்றார். அப்புறம், நான் பார்க்க முதன்முறையாக, இரண்டாவது தடவை கேட்டார். "மாசாமாசம் ரெண்டு லைட்டுன்னீகளேண்ணே?"

"எரிஞ்சுச்சுண்ணே."

"இன்னொரு பேட்டரி?"

"அது நாலாவது பங்கு ரூம்ல இருக்கு. சாவி மலேசியாவுல."

"பேட்டரியையுமா பங்கு வச்சீக?" என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அறைச் சாவி என்னிடம் இல்லையென்றால் நான் எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்பது அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். மூடியை மாட்டி, சிவப்பு டேப்பை எடுத்து பேட்டரியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார்.

சிவப்பு டேப் ஒட்டியது அந்தக் கடையை விட்டு வெளியே வராது. பின்னால் ஒரு டிரம்மில் உப்புத் தண்ணீர் இருக்கும். டேப் ஒட்டியதை அன்றைக்கே அதில் போட்டு, ஒரு துளி மின்சாரம் மிச்சமில்லாமல் சாகடித்துவிடுவார். என் பொருளை எனக்குக் கொடு என்று ஒருவர் ஒரு மணி நேரம் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். "உங்க பொருள்தேன். ஆனா தர மாட்டேன்" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு நின்றார்.

நானும் கெஞ்சினேன். ரெண்டு நாள் ஓடினால் போதும் என்றேன். "ரெண்டு நிமிசமும் ஓடக் கூடாதுண்ணே. அருவா வச்சு அறுங்க" என்றார். ஆள் கிடைக்கவில்லை என்றேன். புதுப் பேட்டரி கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார். டேப் ஒட்டியதைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் மணல் வாளிமேல் வைத்தார். டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "உப்பு தீந்துபோச்சு, சாயங்காலம் வாங்கிப் போட்டுக்கிரலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முன்னால் ஒரு அம்மா ஸ்பிரேயரை வண்டியிலிருந்து இறக்க முடியாமல் கூப்பிட்டார். அவர் போனார்.

நான் பேட்டரியை எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியிலேயே டேப்பைப் பிய்த்து எறிந்தேன்.

அன்று சாயங்காலம், போனில் ஒரு காணொளியைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பேட்டரி சார்ஜ் ஏற்றுக்கொள்ளும்படி செய்தேன். எப்படிச் செய்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சார்ஜரில் பச்சை லைட் எரிந்தபோது ஏற்பட்ட சந்தோஷம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. இந்த ஆளுக்கு என்ன தெரியும், சும்மா பயமுறுத்துகிறார் என்றுகூட நினைத்தேன். ஆச்சிக்குப் போன் போட்டு, நாளைக்கு வேலை ஆரம்பம் என்றேன்.

காளீஸ்வரி காலையிலேயே வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் தோட்டவேலைக்கு வருகிறவள், முப்பது வயசுக்குள் இருக்கும். இந்தப் பக்கத்தில் புல் மிஷின் ஓட்டுகிற பொம்பளை அவள் ஒருத்திதான் என்பதில் அவளுக்குப் பெருமை. தோளில் பெல்ட்டை மாட்டி, இடுப்பில் கிளிப்பைப் பூட்டிக்கொண்டு, பேட்டரி வலது முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும்படி மிஷினைத் தூக்கிக்கொண்டாள். கிணற்றடியிலிருந்து ஆரம்பித்து மேற்குச் சுவர் வரைக்கும் சரசரவென்று வெட்டிக்கொண்டு போனாள். வெயில் ஏறியது. ஒரு தடவை மிஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நகப்பாலிஷ் வாடை மாதிரி ஒண்ணு அடிக்குதுண்ணே."

எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் அவர் அந்த வாடையை மோந்து காட்டியிருந்தார். மேற்குச் சுவரோரம் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

"புது மிஷின் அப்படித்தேன் வாடை அடிக்கும். நீ ஓட்டு" என்றேன்.

பத்து நிமிடம் இருக்காது. சீறுகிற சத்தம் கேட்டது. வெள்ளைப் புகை, அதற்குள்ளிருந்து தீ. அவள் மிஷினைக் கீழே போடப் பார்த்தாள். இடுப்பு கிளிப் கழலவில்லை. வலது கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். நான் ஓடிப்போய் வெட்டுக்கத்தியால் பெல்ட்டை அறுத்து மிஷினைக் காலால் தள்ளினேன். தள்ளிய பிறகும் அது வெகுநேரம் வெடித்து வெடித்து எரிந்தது. அவள் கையைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. முதலில் இங்கே பெரியாஸ்பத்திரி, அப்புறம் மதுரை. ரெண்டு மாதம் கிடந்தாள்.

மறுநாள் அவர் வந்தார். கடையில் பேட்டரி காணாமல் போனதைப் பார்த்துவிட்டு எனக்குப் பலமுறை போன் அடித்திருக்கிறார். நான் எடுக்கவில்லை. மேற்குச் சுவரோரம் உருகிக் கிடந்ததன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். குச்சியால் புரட்டினார். தீ பிடிக்காத ஒரு மூலையில் டேப் ஒட்டிப் பிய்த்த பிசின் தடம் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பண்ணுனீக?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. உங்க கடையில இருந்து கொண்டாந்ததைத்தேன் போட்டேன்."

கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். "சரிண்ணே" என்றார்.

அப்போது காளீஸ்வரியின் புருசன் நாலைந்து பேரோடு உள்ளே வந்தான். "எவன்டா பேட்டரி குடுத்தது?" என்று கத்தினான். அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "என் கடையில இருந்து வந்ததுதேன் தம்பி. அன்னைக்கே தண்ணியில போட்டுருக்கணும். போடாம வச்சிருந்தேன்" என்றார். அவன் அறைந்தான். கண்ணாடி புல்லில் போய் விழுந்தது. மறுபடியும் அறைந்தான். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடியைக் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

போலீஸ் வரை போகவில்லை. படைப்பு வீட்டில் அதெல்லாம் வேண்டாம் என்று ஐந்து பங்காளிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் தீயோடு போராடி அவளைக் காப்பாற்றியதாக ஆச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்கள். என் வேலை நிலைத்தது.

என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து அவர் பழியை ஏற்றுக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி இல்லை. அவர் நிஜமாகவே அது தன் தப்பு என்று நம்பினார். நான் திருடியது, பொய் சொன்னது எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. டிரம்மில் உப்பு இல்லாததுதான் பெரிதாகப் பட்டது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை என்னிடம் மட்டும்தான் இருந்தது. சொல்லவில்லை. என்னை நான் என்ன திட்டினாலும் எனக்கு உறைப்பதில்லை, இப்போதும்.

கடை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பழுதுக்குக் கொடுத்திருந்தவர்கள் வந்து வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஹோட்டல்காரர்கள் பெட்ரோல் மிஷினுக்கே திரும்பினார்கள். மாதம் பிறந்தும் யாருக்கும் போன் வரவில்லை. அவர் தேவகோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டு வருசம் கழித்து தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போய்விட நினைத்தேன், அவரே வந்துவிட்டார். நன்றாக இளைத்திருந்தார்.

"அந்தப் புள்ளைக்குக் கை மடங்குதாண்ணே?"

"கொஞ்சம் மடங்குது."

"எந்த வெரலு?"

எனக்குத் தெரியவில்லை. தினம் பார்க்கிறவன், தெரியவில்லை. கட்டைவிரல் என்று சொல்லி வைத்தேன். அவர் தன் வலது கையை விரித்துக் கட்டைவிரலை மட்டும் மடக்கி மடக்கிப் பார்த்தார். "கட்டைவெரலு மடங்குனா பாத்திரம் பிடிச்சுக்கிரலாம்" என்றார். அப்புறம் கொஞ்சம் கிட்டே வந்து, ரொம்ப நாளாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தவர் போல, தாழ்ந்த குரலில் சொன்னார். "அன்னைக்கு உப்பு தீந்து போச்சுண்ணே. எதுத்தாப்புல மளிகைக் கடை. நாலு எட்டுதேன். வாங்கியிருக்கலாம்."

தொண்டை வரைக்கும் வந்தது. அண்ணே, நாந்தான், என்று ரெண்டு வார்த்தை. காரைக்குடி பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் இன்னும் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நின்றார்.

போன தை மாதம் அவர் இறந்துபோனார். டயர்க் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

காளீஸ்வரி இப்போது எங்கள் வீட்டில்தான் வளவு கூட்டுகிறாள், இடது கையால். அந்த வேலையை நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேன். வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டிப்போய்விட்டன. மடங்குவது சுண்டுவிரல்தான், பேருக்கு. அவர் இறந்த செய்தியை அவளிடம் சொன்னேன். விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு, "போயிட்டானா? சாமி இருக்குண்ணே" என்றாள். அவர் கை விளங்காமல் போக வேண்டும் என்று இத்தனை வருசமாக அவள் வேண்டிக்கொண்டதை நான் பலதடவை கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் அவளைத் தடுத்ததில்லை. அன்றைக்கும் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறாளாம். அவளுக்குக் கூடப்பிறந்தவன் யாரும் இல்லை.

"புள்ளைய உங்க மடியில வச்சுத்தேன் குத்தணும்ணே. அன்னைக்கு நீங்க பெல்ட்டை அறுக்கலேன்னா நான் ஏது, எம்புள்ள ஏது? எனக்குக் கூடப்பொறந்தவன்னு இருந்தா அது நீங்கதேன். மாட்டேன்னு சொல்லிராதீக."

அவர்கள் குலசாமி கோயிலில் போன வெள்ளிக்கிழமை காதுகுத்து நடந்தது. அரச மரத்தடியில் மனை போட்டிருந்தார்கள். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசியிருந்தார்கள். ஆசாரி கம்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு, "தாய்மாமன் யாருப்பா? வந்து உக்காருங்க, நேரமாகுது" என்றார்.

காளீஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒட்டிப்போன அந்தக் கையால் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள். எல்லாரும் வழி விட்டார்கள். நான் போய் மனையில் உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள்.